முன்பணம் தரும் பப்ளிஷர் கோ-ஆப்பும் கூடுதல் நிறமும் கேட்கிறார்: எதில் இறங்கி வரலாம், எதில் கூடாது?

நாலுநிறம்

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கேம். கோடோ 4 என்ற கேம் என்ஜின், 320×180 ரெசல்யூஷன், திரைக்கு ஒரு புதிர், தனியாள் ஓடித் தாவி ஆடும் பிளாட்ஃபார்மர். மொத்தமே நான்கு நிறம்தான், அந்த நிறங்கள்தான் விதி. அடர்நிறம் நிற்கும் தரை. அடுத்தது நிழல், அதற்குள் இருக்கும்வரை சுவரை ஊடுருவிப் போகலாம். மூன்றாவது வெறும் வெளிச்சம். மிக வெளிர்நிறம் பட்டால் சாவு. இடது ஸ்டிக்கில் கதாபாத்திரம், வலது ஸ்டிக்கில் விளக்கு. விளக்கு நகர்ந்தால் நிழலும் நகரும். திட்டமிட்ட 90 திரைகளில் 55 முடிந்துவிட்டன. மீதிக்கு 8 மாதம் ஆகும். அதில் கடைசி 2 மாதம் பிழைதிருத்தத்துக்கும் மெருகேற்றவும்.

ஒரு பப்ளிஷர் ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்கிறார். முன்பணம் 60,000 டாலர், நான்கு மைல்ஸ்டோனாக (வேலைக் கட்டங்களாக) 15,000 வீதம். வருவாய்ப் பங்கு 50:50. அவர் கேட்பது மூன்று: ஆன்லைனில் இருவர் ஆடும் கோ-ஆப், ஸ்டோர் பக்கத்தில் எடுபடும்படி கூடுதல் நிறங்கள், முதல் பத்துத் திரைகளை எளிதாக்குவது.

வரைவில் உறுத்தும் வரிகள்: ஒவ்வொரு மைல்ஸ்டோனும் "பப்ளிஷருக்குத் திருப்தி அளிக்கும் வகையில்" இருக்க வேண்டும். முன்பணம், மார்க்கெட்டிங் செலவு, ஸ்விட்ச் கன்சோலுக்குக் கேமை மாற்றும் போர்ட் செலவு மூன்றும் "டெவலப்பரின் பங்கிலிருந்து" கழிக்கப்படும். டெவலப்பர் தவறினால் பப்ளிஷர் வேறு குழுவை வைத்து முடித்துக்கொள்ளலாம். அடுத்த பாகத்தின் உரிமையும் அவருக்கே.

கேமின் உயிரை விட்டுக்கொடுக்காமல் இந்தப் பணத்தை வாங்க வழி உண்டா?

---

தாழ்வாரம்

மூன்று கோரிக்கைகளையும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். "திருப்தி" என்ற அந்த ஒரு சொல் ஒப்பந்தத்தில் இருக்கும்வரை, இன்று நீங்கள் மறுக்கும் கோ-ஆப் மூன்றாவது மைல்ஸ்டோனில் வேறு பெயரில் திரும்பி வரும். அப்போது கையில் காசு தீர்ந்திருக்கும், மறுக்கும் தெம்பு இருக்காது. அதோடு "வேறு குழுவை வைத்து முடிக்கலாம்" என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள். திருப்தி இல்லை என்றால் தவறியதாக ஆகிவிடும். தவறினால் உங்கள் கேமை இன்னொருவர் முடிப்பார். படைப்புச் சுதந்திரம் பறிபோகும் இடம் இதுதான்.

மாற்றிக் கேட்க வேண்டியது: ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் அளக்கக்கூடிய விவரம் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். உதாரணமாக "மைல்ஸ்டோன் 2: 70 திரைகள் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடக்கூடிய நிலையில், விண்டோஸ் பில்டு, நிரல் முடங்கும் பிழை எதுவும் இல்லாமல்". பப்ளிஷர் 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். நிராகரித்தால் இணைப்பின் எந்த வரியோடு பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்ட வேண்டும். சரிசெய்ய 30 நாள் அவகாசம் வேண்டும். படைப்பு முடிவுகளுக்குத் தனியாக ஒரு பிரிவு: பப்ளிஷர் கருத்துச் சொல்லலாம், டெவலப்பர் அதை நல்லெண்ணத்தோடு பரிசீலிப்பார், இறுதி முடிவு டெவலப்பருடையது. "ஒப்புதல்" என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடி "கலந்தாலோசனை" என்று மாற்றக் கேளுங்கள். டிரெய்லருக்கும் ஸ்டோர் படத்துக்கும் பப்ளிஷரின் ஒப்புதல் இருக்கட்டும், அது அவர் தொழில்.

இனி கணக்கு. விலை 15 டாலர் என்று வையுங்கள். தள்ளுபடி, நாட்டுக்கு நாடு மாறும் விலை, ரீஃபண்ட், வரி எல்லாம் போக ஒரு பிரதிக்குச் சராசரி 9 டாலர் என்று எடுத்துக்கொள்வோம். விற்பனைத் தளமான ஸ்டீம் 30 சதவீதம் எடுத்தபின் மிஞ்சுவது 6.30.

முன்பணத்தை மட்டும், பங்கு பிரிக்கும் முன்னுள்ள மொத்த நிகர வருவாயிலிருந்து எடுத்தால் 60,000 ÷ 6.30, அதாவது 9,524 பிரதிகளில் கடன் தீரும். உங்கள் வரைவு சொல்வது போல் உங்கள் பாதிப் பங்கிலிருந்து மட்டும் எடுத்தால் பிரதிக்கு 3.15 தான் கழியும். 19,048 பிரதிகள் விற்க வேண்டும். மார்க்கெட்டிங் 30,000, போர்ட் 20,000 என்று சேர்ந்தால் கடன் 1,10,000 ஆகி, 34,921 பிரதிகளுக்குப் பிறகுதான் உங்களுக்கு முதல் டாலர் வரும். அந்த 34,921 விற்கும் காலம் முழுக்க பப்ளிஷர் தன் பாதியைத் தனியாக வாங்கிக்கொண்டிருப்பார். ஒரே முன்பணம்தான், ஒரு சொற்றொடர் மாறியதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே கழிவு மொத்த நிகர வருவாயிலிருந்து நடக்க வேண்டும், மார்க்கெட்டிங் கழிவுக்கு உச்சவரம்பு வேண்டும், அதைத் தாண்டும் செலவுக்கு உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஐபி (கேமின் அறிவுசார் சொத்துரிமை) உங்களிடமே இருக்கட்டும். அவருக்குக் கொடுப்பது 5 முதல் 7 ஆண்டுக்கு விற்கும் உரிமம் மட்டும். அடுத்த பாகத்துக்கு அதிகபட்சம் முதலில் பேசும் உரிமை, அதுவும் 30 நாள். 50 சதவீதத்துக்குக் கீழான தள்ளுபடிக்கு உங்களைக் கேட்க வேண்டாம், மேலே போனால் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பின்னால் வரும் சண்டை குறையும்.

ரா ஃப்யூரி என்ற பப்ளிஷர் 2021-இல் தன் ஒப்பந்த மாதிரியைப் பொதுவில் வெளியிட்டது. உங்கள் வரைவை அதோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கேம் ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள். அவருடைய நேரம் மிச்சமாகும்.

---

ஃபிரேம்16

கோ-ஆப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாதி முடிந்த தனியாள் பிளாட்ஃபார்மரில் ஆன்லைனைச் சேர்ப்பது என்றால் அடித்தளத்தைப் பெயர்த்து மறுபடி போடுவது.

தாவலில் துல்லியம் வேண்டும் என்றால் ரோல்பேக்தான் வழக்கமான வழி. எதிராளியின் உள்ளீடு தாமதமாக வரும்போது, பழைய ஃபிரேமுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமுக்குள் மறுபடி கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு உங்களிடம் இருப்பது 16.67 மில்லிசெகண்ட். உங்கள் கேமில் நிழல்தான் மோதல் வடிவம், அதனால் ஒவ்வொரு மறுகணக்கிலும் நிழலையும் திரும்ப வார்க்க வேண்டும். ஒரு ஃபிரேமின் கணக்கு 2 மில்லிசெகண்ட் என்றால்கூட 8 ஃபிரேமுக்கு 16 ஆகிவிட்டது. வரைவதற்கு இடமே இல்லை.

அதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல். கோடோவின் உள்ளமைந்த இயற்பியல் இதற்காகக் கட்டப்பட்டதில்லை. ஒரு ஃபிரேமின் முழு நிலையைச் சேமித்து, திரும்ப ஏற்றி, அதே உள்ளீடு கொடுத்தால் இரண்டு கணினிகளிலும் அதே விடை வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. முழு எண் பிக்சல் இடங்களை வைத்து மோதலைச் சொந்தமாக எழுத வேண்டியிருக்கும். எழுதினால் 55 திரைகளின் தாவல் உணர்வும் லேசாக மாறும்; எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதற்குப் பதிலாக ஒன்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கேமில் ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது: ஓடுவது, விளக்கை நகர்த்துவது. வலது ஸ்டிக்கின் வேலையை இரண்டாவது கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்குக்குக் கொடுங்கள். ஒரே சோபாவில் இருவர் ஆடும் கோ-ஆப் தயார், ஒரு திரையைக்கூடப் புதிதாகக் கட்ட வேண்டாம். 2019 முதல் ஸ்டீமில் ரிமோட் ப்ளே டுகெதர் இருக்கிறது: ஒரே கணினியில் ஓடும் கேமின் வீடியோவை நண்பருக்கு அனுப்பி, அவர் உள்ளீட்டை வாங்கிக்கொள்ளும். அவரிடம் கேம் இருக்க வேண்டியதில்லை. உங்களுடையது ஒற்றைத் திரை கேம் என்பதால் கேமராவைப் பிரிக்கும் தொல்லையும் இல்லை.

கவனிக்க வேண்டியவை: தொலைவிலிருந்து ஆடும் விருந்தாளியின் உள்ளீடு 100 மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் அது 6 ஃபிரேம். ஆகவே விருந்தாளிக்கு எப்போதும் விளக்குதான் முதல் தெரிவாக இருக்கட்டும். தாவலின் நடுவில் விளக்கை நகர்த்த வேண்டிய திரைகளைத் தனியே குறியுங்கள். அந்த அவகாசம் 15 ஃபிரேமுக்குக் குறைவு என்றால் கோ-ஆப் முறையில் மட்டும் அதை நீட்டுங்கள். ஒரு கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் உடனே பாஸ் ஆக வேண்டும். பாஸ் மெனுவை இருவரும் ஒரே நேரத்தில் அசைக்க முடிந்தால் குழப்பம் வரும், திறந்தவரிடமே மெனுவை விடுங்கள்.

ஒப்பந்தத்தில் "ஆன்லைன் கோ-ஆப்" என்ற சொல் எங்கும் இருக்கக் கூடாது. "ஒரே சாதனத்தில் இருவர் ஆடும் முறை" என்று எழுதுங்கள்.

---

வெள்ளெலி

முதல் பத்துத் திரை கடினம் என்று பப்ளிஷர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். 55 திரை கட்டிய கைக்கு முதல் திரையின் கடினம் தெரியாது. அவர் சொல்லும் நோயை நம்புங்கள், மருந்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். அந்த 2 மணி நேரத்தின் தொடக்கம்தான் இந்தப் பத்துத் திரை.

கேமை இதுவரை பார்க்காத ஐந்து பேரை ஆட வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கக் கூடாது. திரை எண், செத்த இடத்தின் இரு ஆயங்கள் (x, y), திரைக்குள் வந்து எத்தனை நொடி என்ற நான்கு எண்களை ஒவ்வொரு சாவுக்கும் கோப்பில் எழுதுங்கள். பிறகு அந்தப் புள்ளிகளைத் திரைப் படத்தின் மேல் வையுங்கள். புள்ளிகள் மேடை விளிம்பில் குவிந்தால் கட்டுப்பாட்டில் தாராளம் போதவில்லை. திரை முழுக்கச் சிதறினால் விதி புரியவில்லை. சாவு குறைவு, நேரம் மட்டும் அதிகம் என்றால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் முள்ளைக் குறைத்தால் கேம் சப்பென்று ஆகும், காரணமும் அப்படியே இருக்கும்.

விளிம்பில் குவிந்தால்: செலஸ்டே என்ற பிளாட்ஃபார்மரின் கதாபாத்திர நிரல் பொதுவில் கிடைக்கிறது, பாருங்கள். மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி, அதாவது 6 ஃபிரேம், தாவ அனுமதிக்கிறது. தாவும்போது தலை மூலையில் இடித்தால் 4 பிக்சல் வரை பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறது. தரையில் மோதும் பெட்டி 8×11, முள் குத்தும் பெட்டி 8×9. ஆடுபவர் இதில் எதையும் கவனிப்பதில்லை, "என் கை சரியாக இருக்கிறது" என்று மட்டும் உணர்கிறார்.

உங்கள் கேமுக்கே உரிய ஒன்று: சுவருக்குள் இருக்கும்போது நிழல் விலகினால் என்ன ஆகிறது? உடனே சாவு என்றால் அங்கேயும் 6 ஃபிரேம் கொடுங்கள். அதற்குள் நிழல் திரும்பாவிட்டால் மட்டும் கொல்லுங்கள். நிழலின் ஓரம் பிக்சல் பிக்சலாகத் துடிக்கும் கேமில் இது இல்லாவிட்டால் ஆடுபவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

---

நாலுநிறம்

சரிபார்த்தோம், நிழல் விலகினால் அதே ஃபிரேமில் சாவு. மாற்றுகிறோம். விளக்கை இரண்டாவது ஆளிடம் கொடுப்பது நாங்கள் யோசிக்காத வழி, நன்றி. நிறத்துக்கு என்ன செய்வது? நிறத்தைக் கூட்டினால் எது கொல்லும் எது காக்கும் என்பதே தெரியாமல் போய்விடும்.

---

கருவிழி

திரையில் ஒரே நேரத்தில் நான்கு நிறம் என்ற விதியைக் காப்பாற்றுங்கள். எந்த நான்கு என்பதை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றலாம். ஸ்டோர் பக்கத்தில் ஆறு ஸ்கிரீன்ஷாட் ஆறு வண்ணச் சூழலில் நிற்கும், பப்ளிஷர் கேட்டதும் அதுதான்.

படங்களை நான்கு சாம்பல் மதிப்புகளில் வைத்து, நான்கு பிக்சல் அகலமுள்ள பேலட் டெக்ஸ்சரில் (நிறப் பட்டியலாக இருக்கும் படத்தில்) ஷேடர் (நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) மூலம் நிறம் தேடுங்கள். வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சாம்பல் மதிப்புகள் 0, 0.333, 0.667, 1. இவற்றை அப்படியே டெக்ஸ்சர் ஆயமாகக் கொடுத்தால் முதல் மூன்றும் சரியாக வரும். 1 என்பது டெக்ஸ்சரின் கடைசி விளிம்பு. ரிப்பீட் முறை போட்டிருந்தால் அது சுற்றி வந்து 0-வில் விழும். கொல்லும் வெளிர்நிறம் தரையின் அடர்நிறமாகத் தெரியும். மதிப்பு × 0.75 + 0.125 என்று போட்டால் ஆயங்கள் 0.125, 0.375, 0.625, 0.875 ஆகி, ஒவ்வொன்றும் தன் பிக்சலின் நடுவில் நிற்கும். ஃபில்டர் நியரஸ்ட் (பக்கத்து நிறங்களைக் கலக்காத முறை), மிப்மேப் (தானாகச் சிறிதாக்கிய பிரதிகள்) வேண்டாம், இறக்குமதியில் இழப்புச் சுருக்கம் வேண்டாம். இதில் ஒன்று தவறினாலும் ஐந்தாவது நிறம் எங்கிருந்தோ முளைக்கும்.

ஒவ்வொரு பேலட்டையும் சாம்பலாக்கிப் பாருங்கள். நான்கு நிறத்தின் வெளிச்ச வரிசை எல்லா அத்தியாயத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கு இடையில் இடைவெளியும் தெளிவாக இருக்க வேண்டும். நிறக்குறைபாடு உள்ளவர்களும் அப்போது ஆட முடியும். சிவப்பும் பச்சையும் ஒரே வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பேலட்டுக்கு இடமே கொடுக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கேமுக்கு வெளியே நிறத்தில் தாராளமாக இருங்கள். ஸ்டோரின் கேப்சூல் படம் (பட்டியலில் கேமைக் காட்டும் முகப்புப் படம்) பிக்சல் கலையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; நல்ல ஓவியரிடம் முழு வண்ணத்தில் வாங்கலாம். சிறிய கேப்சூல் சில பட்டியல்களில் பெருவிரல் நக அளவில்தான் தெரியும், அங்கே பெயர் படிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். விருது, விமர்சன வரி, தள்ளுபடி வாசகம் எதையும் அதில் ஏற்ற ஸ்டீம் அனுமதிப்பதில்லை. டிரெய்லரை 12 மடங்கு பெருக்குங்கள், 320×180 மிகச் சரியாக 3840×2160 ஆகும். சிறிய அளவில் ஏற்றினால் வீடியோ சுருக்கம் நிறத் தகவலைக் குறைத்து, பிக்சல் ஓரங்களைக் குழப்பிவிடும். கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் கருவியின் திரை 1280×800. நான்கு மடங்கில் மேலும் கீழும் 40 பிக்சல் பட்டை வரும். அதை நீட்டி நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.

---

நாலுநிறம்

கடைசியாக இரண்டு கேள்வி. கையிருப்பு 5 மாதத்துக்குத்தான் இருக்கிறது, இந்த நிலையில் பேரம் பேச முடியுமா? ஸ்விட்ச் போர்ட் செலவை எப்படிக் கையாள்வது?

---

தாழ்வாரம்

நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. மீதி 35 திரைகளுக்கு 6 மாதம், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 6 திரை. 90-ஐ 70 ஆக்கினால் 15 திரைதான் மிச்சம்: இரண்டரை மாதம். அதோடு கடைசி 2 மாதம், மொத்தம் நாலரை. கையிருப்புக்குள் அடங்குகிறது. ஸ்டீம் கட்டணம் 100 டாலர், அதுவும் 1,000 டாலர் வருவாய் தாண்டினால் திரும்ப வரும். பப்ளிஷர் இல்லாமலும் இந்த கேம் வெளியே வரும் என்று எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள். எந்த 20 திரையை விடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே யோசனையை மூன்றாவது முறை கேட்கும் திரைகள் முதலில் போகட்டும்.

அந்த நிலையிலிருந்து பார்த்தால் 60,000 தேவையே இல்லாமல் இருக்கலாம். ஓவியர், மொழிபெயர்ப்பு, சோதனை, அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு என்று கூட்டிப் பாருங்கள். 25,000 போதும் என்றால் மொத்த நிகர வருவாயிலிருந்து 3,969 பிரதிகளில் கடன் முடியும், அதைக் காரணம் காட்டி உங்கள் பங்கை 50-இலிருந்து 65, 70 என்று கேட்கலாம். வாங்கும் பணம் குறையக் குறைய அவர் கேட்கும் அதிகாரமும் குறையும்.

போர்ட் விஷயம்: கோடோ எம்ஐடி உரிமத்தில் இருக்கும் திறந்த என்ஜின். கன்சோல் நிறுவனங்களின் கருவிகள் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் வருபவை, அதனால் கன்சோல் பகுதி என்ஜினின் பொது மூலநிரலில் இருக்க முடியாது. நீங்களே போர்ட் செய்யாவிட்டால், உரிமம் பெற்ற மூன்றாம் தரப்பு போர்ட் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். "போர்ட் செலவு" என்று மொட்டையாக எழுதவிடாமல், விலைப்புள்ளியை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு ஸ்விட்ச் விற்பனையிலிருந்து மட்டும் கழியட்டும். ஸ்டீம் பணத்தைத் தொடக் கூடாது. போர்ட் 12 மாதத்துக்குள் வராவிட்டால் அந்தத் தளத்தின் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும்.

மறுவரைவு அனுப்பும்போது இணைப்பின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்: "ஆட்டப் பரப்பில் ஒரே நேரத்தில் நான்கு நிறங்கள் மட்டும், ஒவ்வொரு நிறமும் ஒரு விதியைக் குறிக்கும், இது கேமின் அடிப்படை வடிவமைப்பு." கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு யார் நிறம் கூட்டக் கேட்டாலும் அது ஒப்பந்தத் திருத்தம், அதற்குத் தனி நாளும் தனிப் பணமும்.

இன்னொன்று: ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். எந்த மாத விழாவில் டெமோவை இறக்குவது என்ற முடிவு வரைவில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த முதல் பத்துத் திரையின் சாவுப் புள்ளிகள் சரியாகும்வரை எந்த விழாவுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.